இலங்கையைச் சுற்றிச் சென்ற ‘அலபாமா’

நமது புத்தளம் மாவட்டக் கரையோரத்தில், சிலாபம் தொடங்கி உடப்பு, கற்பிட்டி, குதிரைமலை வரையில், பெருங்கப்பல்கள் நெருங்கி வருவது அரிது. நுரைச்சோலை அனல்மின் நிலையத்துக்கு நிலக்கரி கொண்டுவந்து கரைக்கு அப்பால் நங்கூரமிடும் கப்பல்களே இதற்கு விலக்கு. காரணம் யாவரும் அறிந்ததே. மன்னார் வளைகுடா வடக்கே சென்று இராமர் அணையின் மணற்றிட்டுகளில் முட்டி நின்றுவிடுகிறது. பாம்பன் கால்வாயை ஆங்கிலேயர் 19ஆம் நூற்றாண்டில் எவ்வளவோ தோண்டிப் பார்த்தார்கள். தோணிகளும் சிறு நீராவிக் கப்பல்களும் சென்றனவேயன்றி, பேராழிக் கப்பல்களுக்கு அது வழியாகவில்லை. எனவே பம்பாயிலிருந்து வங்கக் கடலுக்குச் செல்லும் கப்பல் எதுவாயினும் குமரிமுனையைத் தாண்டி, இலங்கையின் தென்கோடியான தேவேந்திரமுனையைச் சுற்றியே போகவேண்டும். கப்பல்களை வேட்டையாடப் புறப்பட்ட ஒருவனுக்கு இதைவிட வசதியான இடம் வேறென்ன வேண்டும்?

1864ஆம் ஆண்டு ஜனவரி மாதம் அத்தகைய வேட்டைக்காரன் ஒருவன் இலங்கையைச் சுற்றிக்கொண்டு இந்தக் கடலுக்குள் வந்தான். அமெரிக்க உள்நாட்டுப் போரில் தென் மாநிலங்களின் கொடியுடன் உலவிய ‘அலபாமா’ என்ற நீராவிப் போர்க்கப்பலே அது.

‘எம்டன்’ என்ற ஜெர்மானியக் கப்பலை நம்மவர்கள் இன்றும் மறக்கவில்லை. 1914 செப்டெம்பர் 22 இரவு சென்னைத் துறைமுகத்தைச் சுட்டுவிட்டு மாயமான அதன் பெயர், பலே கெட்டிக்காரனைக் குறிக்கும் சொல்லாகவே நமது பேச்சு வழக்கில் கலந்துவிட்டது. ஆனால் அதற்கு அரை நூற்றாண்டு முன்னதாக, ஏறத்தாழ அதே கடலில், அதே தந்திரங்களைக் கையாண்ட அலபாமாவுக்கு நம்மிடையே ஒரு சொல்லும் இல்லை, ஒரு கதையும் இல்லை. தென்னாபிரிக்காவின் கேப் டவுன் நகரிலோ அலபாமாவின் வருகையைப் பாடும் நாட்டுப்பாடல் இன்றும் வழங்குகிறது. எம்டன் தாக்கியது பிரித்தானியரை, அதாவது நம்மை ஆண்டவர்களை. அலபாமாவோ பிரித்தானியக் கொடி கண்டால் வணக்கம் சொல்லி விலகிப்போன கப்பல். ஆட்சியாளருக்கு வலித்தால்தான் குடிமக்களுக்குச் செய்தி என்பது அன்றைய நிலை.

சற்றே பின்னோக்கிச் செல்வோம். 1860-61இல் அமெரிக்காவின் 11 தென் மாநிலங்கள், அடிமை முறையைக் காத்துக்கொள்ளும் பொருட்டு ஒன்றியத்திலிருந்து பிரிந்தன. அவற்றின் செல்வமெல்லாம் அடிமைகளின் உழைப்பில் விளைந்த பருத்தியே. போர் தொடங்கியதும் ஆபிரகாம் லிங்கனின் அரசு தென்பகுதித் துறைமுகங்களைக் கடற்படையால் முற்றுகையிட்டது. தென்பகுதியினரிடம் சொல்லிக்கொள்ளும்படியான கடற்படையும் இல்லை, கப்பல் கட்டுந்தளங்களும் இல்லை. ஆகவே, நடுநிலை நாடான பிரித்தானியாவில் இரகசியமாகக் கப்பல் கட்டுவிப்பதற்கு ஜேம்ஸ் புல்லக் என்ற அதிகாரியை லிவர்பூலுக்கு அனுப்பினர்.

லிவர்பூலுக்கு எதிர்க்கரையிலுள்ள பேர்க்கன்ஹெட்டில் லெயார்ட் நிறுவனத்தின் தளத்தில் ‘290’ என்ற வெறும் இலக்கத்தோடு அக்கப்பல் உருவாயிற்று. 1862 மே மாதம் நீரில் இறக்கப்பட்டபோது ‘என்ரிக்கா’ என்று ஒரு பெயர் சூட்டினார்கள். இது போர்க்கப்பல்தான் என்று அமெரிக்கக் கொன்சல் தோமஸ் டட்லி சாட்சியங்களைத் திரட்டிக் கொடுத்தார். தூதர் சார்ள்ஸ் பிரான்சிஸ் அடம்ஸ் இலண்டனில் முறையிட்டார். கோப்பு, சட்ட ஆலோசகர் சேர் ஜோன் ஹார்டிங்கின் வீட்டுக்குப் போயிற்று. அவரோ அப்போது மனநோயால் பாதிக்கப்பட்டிருந்தார். காகிதங்கள் அங்கேயே தேங்கிக் கிடந்தன. தடுத்து வைக்கும் உத்தரவு வந்து சேர்ந்தபோது பறவை பறந்துவிட்டிருந்தது. 1862 ஜூலை 29இல் விருந்தினரை ஏற்றிக்கொண்டு வெள்ளோட்டம் போவதாகச் சொல்லிப் புறப்பட்ட கப்பல், விருந்தினரை இழுவைப் படகொன்றில் திருப்பி அனுப்பிவிட்டுத் தான் திரும்பாமலே போய்விட்டது. அஸோர்ஸ் தீவுகளின் அருகே வேறொரு கப்பல் கொண்டுவந்த பீரங்கிகள் அதில் ஏற்றப்பட்டன. ஓகஸ்ட் 24இல் கப்டன் ரபாயேல் செம்ஸ் தென்பகுதிக் கொடியை ஏற்றி, ‘அலபாமா’ என்ற பெயரை வாசித்தார். மாலுமிகளில் பெரும்பாலோர் லிவர்பூல்காரர்கள். தங்கக் காசில் இரட்டிப்புச் சம்பளம் என்ற வாக்குறுதியே அவர்களைக் கையொப்பமிட வைத்தது. எந்த நாட்டுக்காகப் போரிட்டார்களோ அந்த நாட்டை அவர்கள் ஒருநாளும் கண்டதில்லை. கப்பலும் தன் சொந்தத் துறைமுகம் எதிலும் ஒருநாள்கூடத் தரித்ததில்லை.

அதன் அமைப்பைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். ஏறத்தாழ 220 அடி நீளம், 1,050 தொன். மூன்று பாய்மரங்கள். உள்ளே 300 குதிரைவலு கொண்டதாகக் குறிக்கப்பட்ட நீராவி இயந்திரங்கள். எட்டுப் பீரங்கிகள். நீராவியும் பாயும் சேர்ந்தால் 13 நொட் வேகம். ஆனால் நிலக்கரி நிறைய ஏற்றினாலும் 18 நாட்களுக்கு மேல் தாக்குப்பிடிக்காது. அந்நிய மண்ணில் நிலக்கரி வாங்கவேண்டிய கப்பலுக்கு அது பெரிய இடையூறு. பிரித்தானியத் துறைமுகங்களில் ஒருமுறை நிலக்கரி எடுத்த போர்க்கப்பல் மூன்று மாதத்துக்கு மறுமுறை கேட்கக்கூடாது என்பது நடுநிலை விதி. இதற்காகவே அலபாமாவின் சுழல்விசிறியைக் கழற்றி மேலே தூக்கிவைக்கும்படி ஒரு கிணறு போன்ற அறை அமைக்கப்பட்டிருந்தது. புகைபோக்கியையும் தாழ்த்தலாம். கால்மணி நேரத்தில் நீராவிக் கப்பல் பாய்க்கப்பலாகிவிடும். தொலைவிலிருந்து பார்ப்பவனுக்கு அது சாதாரண வணிகக் கப்பல். உலைகளின் உதவியால் கடல்நீரைக் காய்ச்சி நன்னீராக்கும் கருவியும் இருந்தபடியால் தண்ணீருக்காகக் கரை தேடவேண்டிய அவசியமும் இல்லை. செம்ஸ் பிடித்த கப்பல்களிற் பெரும்பாலானவை பாய் விரித்தே பிடிக்கப்பட்டவை. நீராவி அவரிடம் கடைசி நேரத் துருப்பாகவே இருந்தது.

அதன் பணி வரலாற்றை முழுமையாகச் சொன்னால் ஒரு நூலாகும். அட்லாண்டிக்கில் திமிங்கில வேட்டைக் கப்பல்களில் ஆரம்பித்தது. 1863 ஜனவரி 11 இரவு, டெக்ஸாஸின் கல்வெஸ்டன் அருகே ‘ஹற்றெராஸ்’ என்ற போர்க்கப்பலைப் பதின்மூன்றே நிமிடங்களில் மூழ்கடித்தது. பிரேசில், நன்னம்பிக்கை முனை, பின்னர் இந்து சமுத்திரத்தின் குறுக்கே சுந்தா நீரிணை. மொத்தம் 60க்கும் மேற்பட்ட வணிகக் கப்பல்கள் அகப்பட்டன. நடைமுறை எப்போதும் ஒன்றே. பொய்க்கொடியுடன் நெருங்குவது, வெற்றுவேட்டு முழக்குவது, ஆவணங்களைச் சோதிப்பது, மாலுமிகளையும் பயணிகளையும் இறக்கிக்கொள்வது, கப்பலுக்குத் தீ வைப்பது. ஒவ்வொரு கப்பலின் காலமானியையும் செம்ஸ் தம் அறையிற் சேர்த்து வைத்தார். வணிகக் கப்பல்களைப் பிடித்ததில் ஓர் உயிர்கூடப் போகவில்லை என்பதும், 2,000 பேர் வரை சிறைப்பிடித்து விடுவித்தார் என்பதும் அவரது எதிரிகளும் மறுக்காத செய்தி.

இருந்தும் வடபகுதிப் பத்திரிகைகள் அவரைக் கடற்கொள்ளையன் என்றே எழுதின. தென்பகுதியில் அவர் கடற்படை வீரர். உள்நாட்டுப் போர் நடக்கும் நாட்டில் பத்திரிகை மேசையில் உட்கார்ந்தவர்களுக்கு இந்தச் சொற்சண்டை புதிதல்ல. நமது போர்க்காலத்தில் ஒரே கடற்சமர் பற்றி இரு தரப்பிலிருந்தும் இரண்டு அறிக்கைகள் வரும். எண்ணிக்கைகள் ஒத்துவராது, பெயர்ச்சொற்கள் அறவே ஒத்துவராது. எந்தச் சொல்லை அச்சில் ஏற்றுவது என்று இரவு வெகுநேரம் யோசித்த நாட்கள் எனக்கும் உண்டு. செம்ஸ் 1869இல் வெளியிட்ட நினைவுக் குறிப்புகளை அந்தப் பழக்கத்தோடுதான் வாசித்தேன். கடலையும் காற்றையும் எழுதும் இடங்களில் அவரை நம்பலாம். தம் பக்கத்து நியாயத்தை எழுதும் இடங்களில், அடிமைகள் என்றொரு மக்கள் கூட்டம் இருந்ததையே அவர் ஏறக்குறைய மறந்துவிடுகிறார்.

1863 டிசெம்பர் 21இல் அலபாமா சிங்கப்பூர் வந்தது. அங்கே அது கண்ட காட்சிதான் அதன் உண்மையான வெற்றி. அமெரிக்கக் கப்பல்கள் 20க்கும் மேல் சரக்கின்றி, வேலையின்றி முடங்கிக் கிடந்தன. ஒரு குண்டும் சுடாமல் ஒரு கடலையே காலிசெய்திருந்தது அச்சம். அமெரிக்கக் கொடியுள்ள கப்பலில் சரக்கேற்ற வணிகர்கள் முன்வரவில்லை. ஏற்றினாலும் காப்புறுதிக் கட்டணம் கட்டுபடியாகாது. கப்பல் உரிமையாளர்கள் தம் கப்பல்களைப் பிரித்தானியருக்கு விற்றார்கள், அல்லது விற்றதுபோல் காட்டிக் கொடி மாற்றினார்கள். பி அண்ட் ஓ நிறுவனத்தின் துறையில் நிலக்கரி ஏற்றிக்கொண்டு 24ஆம் திகதி புறப்பட்ட அலபாமா, அன்றே அத்தகைய ஒன்றைப் பிடித்தது. பர்மாவின் மோல்மேனிலிருந்து அரிசி ஏற்றி வந்த ‘மார்தபான்’ அது. சில நாட்கள் முன்புவரை ‘டெக்ஸன் ஸ்டார்’. பிரித்தானியக் கொடியின் கீழும் கப்பல் எரிக்கப்பட்டது. பெயரின் எழுத்து காயவில்லை, கப்பல் சாம்பலாகிவிட்டது. மறுநாள் கழித்து மலாக்கா நீரிணையின் வாயிலில் மேலும் இரண்டு.

அதன் பின் வங்கக் கடலைக் கடந்து மேற்கு நோக்கிய ஓட்டம். அலபாமா காலித் துறைமுகத்தில் நுழையவில்லை. அன்று கொழும்பில் அலைதாங்கி கட்டப்படவில்லை. நீராவிக் கப்பல்களின் நிலக்கரித் துறை காலிதான். சிங்கப்பூரில் நிரப்பிக்கொண்ட கப்பலுக்கு அங்கே வேலை இல்லை. இலங்கைக் கடலில் பிடிக்க இரையும் இல்லை, கண்ணிற் பட்டவை எல்லாம் நடுநிலைக் கப்பல்கள். இந்தக் கீழைக்கடற் பயணத்தைச் சார்ந்த ஒரு வேடிக்கையைச் செம்ஸ் எழுதியிருக்கிறார். வழியில் சோதனையிட்ட கப்பலொன்றின் முஸ்லிம் மாலுமிகள் அலபாமாவின் அதிகாரியிடம், உங்கள் கப்பலின் அடித்தளத்தில் கறுப்பு இராட்சதர்களைச் சங்கிலியிட்டு வைத்து, உயிருள்ள வடஅமெரிக்கர்களைத் தீனியாகப் போடுகிறீர்களாமே, மெய்தானா என்று விசாரித்தார்களாம். செம்ஸ் இதை நகைச்சுவையாக எழுதுகிறார். எனக்கோ, எந்தப் படிப்பும் அற்ற அந்தக் கட்டுக்கதை போரின் காரணத்தைச் சரியாகவே தொட்டிருப்பதாகப் படுகிறது. சங்கிலியிட்ட கறுப்பு மனிதர்கள் கப்பலில் இல்லையே தவிர, கப்பலை அனுப்பிய நாட்டின் அடித்தளத்தில் இருந்தார்கள்.

ஜனவரி 14. தென்மலபார்க் கரைக்கு அப்பால் ‘எம்மா ஜேன்’ அகப்பட்டது. அமெரிக்காவின் மேய்ன் மாநிலத்துக் கப்பல். பம்பாயிலிருந்து சரக்கில்லாமல், வெறும் அடிப்பாரத்தோடு பர்மாவின் அம்ஹர்ஸ்ட் நோக்கி, நமது தீவைச் சுற்றிப்போக வந்துகொண்டிருந்தது. பயன்படக்கூடியவற்றை எடுத்துக்கொண்டு கொளுத்திவிட்டார்கள். இந்தியக் கரையோரத்தில் அலபாமா எரித்த கப்பல் இது ஒன்றே. இரண்டு நாள் கழித்து, சிறைப்பிடித்தவர்களை இறக்குவதற்காக அஞ்சுதெங்கில் நங்கூரமிட்டது. திருவனந்தபுரத்துக்கு வடக்கே, கிழக்கிந்தியக் கம்பனி 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் கோட்டை கட்டிய பழைய வணிகத்தலம் அஞ்சுதெங்கு. 1864இல் அது பெருமை மங்கிய ஒரு மீன்பிடிக் கிராமம். அங்கிருந்து கொச்சிக்கு உள்நாட்டு நீர்வழியே படகிற் போகலாம் என்று அறிந்த செம்ஸ், உள்ளூர் அதிகாரியோடு பேசி, வழிக்கு வேண்டிய உணவுப் பொருட்களும் கொடுத்து அவர்களைக் கரையில் விட்டார். பாய்மரங்கள் நிறைந்த மேய்ன் துறைமுகத்து மாலுமிகள், மொழி தெரியாத தென்னங்கரையில் நின்று, தங்களை இறக்கிவிட்ட கப்பல் கொமொரோஸ் தீவுகளை நோக்கி மறைவதைப் பார்த்திருப்பார்கள்.

அஞ்சுதெங்கைப் பற்றி வாசித்தபோது கற்பிட்டி நினைவுக்கு வராமலில்லை. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்களில், மன்னார்ப் பகுதி மக்கள் பலர் படகுகளில் வந்து கரையேறியது கற்பிட்டியில்தான். அவர்கள் போர்க்கைதிகள் அல்லர், தம் வீட்டிலிருந்த குடிமக்கள். வழிக்கு உணவு கொடுத்து அனுப்பியோரும் இல்லை. கரையில் கஞ்சி காய்ச்சிக் கொடுத்தது புத்தளத்து மக்களே. இரண்டையும் ஒப்பிடுவது பொருந்தாது என்று சிலர் சொல்லக்கூடும். ஒப்பிடவில்லை. உள்நாட்டுப் போர் ஒன்றின் கணக்கு எப்போதும் யாரோ ஒரு மூன்றாம் ஊரின் கரையில் வந்து இறங்குகிறது என்பதை மட்டும் குறித்துக்கொள்கிறேன்.

இப்பொழுது பருத்திக்கு வருவோம். கற்பிட்டிக்கு மேற்கே, வளைகுடாவின் அக்கரையில் தூத்துக்குடி இருக்கிறது. அமெரிக்கப் பருத்தி முற்றுகையில் அகப்பட்டதால் லங்காஷயர் ஆலைகள் பஞ்சின்றித் தவித்த ஆண்டுகள் அவை. பம்பாயில் பருத்தி பொன்னாயிற்று. 1865இல் போர் முடிந்ததும் அந்தச் செல்வம் அப்படியே சரிந்து பல வணிகக் குடும்பங்களை மூழ்கடித்தது தனிக் கதை. திருநெல்வேலிக் கரிசல் பருத்திக்கும் கிராக்கி ஏறியது. ஆழங்குறைந்த தூத்துக்குடியில், கரையிலிருந்து பல மைலுக்கு அப்பால் நின்ற கப்பல்களுக்குத் தோணிகள் பொதிகளைச் சுமந்து சென்றன. அவை பெரும்பாலும் பிரித்தானியக் கொடிக் கப்பல்கள். அலபாமா அவற்றைத் தொட முடியாது.

அலபாமாவின் முழு வரலாற்றிலும் என்னை மிகவும் சிந்திக்க வைத்தது இந்த இடந்தான். பருத்தி இல்லாவிட்டால் இங்கிலாந்து பணிந்து வந்து தங்களை அங்கீகரிக்கும் என்பது தென்பகுதியினரின் போர்க்கணக்கு. அந்தக் கணக்கைத் தோற்கடித்தவற்றுள் ஒன்று, பம்பாயிலும் தூத்துக்குடியிலும் ஏற்றப்பட்ட ஒவ்வொரு பொதியும். தங்கள் தலைவிதியை அழித்துக்கொண்டிருந்த சரக்கு கண்முன்னே போய்வந்த கடலில், அலபாமா வெறும் அடிப்பாரத்தோடு போன எம்மா ஜேனை எரித்துவிட்டுத் திருப்தியோடு திரும்பியது. அமெரிக்க வணிகக் கடற்படையை முடமாக்கியது மெய். போரின் போக்கை அது ஓர் அங்குலமும் மாற்றவில்லை.

மீதியைச் சுருக்கமாகச் சொல்லலாம். 1864 மார்ச்சில் மீண்டும் கேப் டவுன். ஏப்ரலில் ‘ரொக்கிங்ஹாம்’ என்ற கப்பலைப் பிடித்து அதையே இலக்காக வைத்துச் சுட்டுப் பார்த்தபோது குண்டுகள் பல வெடிக்கவில்லை. வெடிமருந்து கெட்டுப்போயிருந்தது. அடிப்புறத்துச் செப்புத்தகடுகள் கழன்று தொங்கின, கொதிகலன்கள் தேய்ந்துவிட்டன. ஜூன் 11இல் பிரான்ஸின் ஷேர்பேர்க் துறைமுகத்தில் பழுதுபார்க்க நுழைந்தபோது, வடபகுதிப் போர்க்கப்பல் ‘கியர்சார்ஜ்’ வந்து வாசலில் நின்றது. 19ஆம் திகதி ஞாயிற்றுக்கிழமை, கரையில் மக்கள் திரண்டு பார்க்க, ஒரு மணிநேரச் சமர். கியர்சார்ஜ் தன் விலாவில் இரும்புச் சங்கிலிகளைக் கவசமாகத் தொங்கவிட்டிருந்தது. அலபாமாவின் குண்டொன்று அதன் பின்கம்பத்தில் புதைந்தும் வெடிக்கவில்லை. அலபாமா மூழ்கியது. செம்ஸை ‘டியர்ஹவுண்ட்’ என்ற ஆங்கில உல்லாசப் படகு காப்பாற்றி இங்கிலாந்துக்குக் கொண்டுபோய்விட்டது. நீந்தத் தெரியாமல் மூழ்கியவர்களில் டேவிட் வைட் என்ற கறுப்பின இளைஞனும் ஒருவன். டெலவெயர் மாநிலத்தில் அடிமையாயிருந்து, 1862இல் பிடிக்கப்பட்ட கப்பலொன்றிலிருந்து செம்ஸ் எடுத்துக்கொண்ட பணியாள். 1984இல் பிரெஞ்சுக் கடற்படை அக்கப்பலின் சிதைவைக் கடலடியில் கண்டுபிடித்தது. அலபாமா மாநிலத்தின் மொபீல் நகரிலிருந்த செம்ஸின் சிலை 2020 ஜூனில் அகற்றப்பட்டது.

வழக்கு மட்டும் முடியவில்லை. நடுநிலை நாடு தன் மண்ணிற் கட்டப்பட்ட கப்பலைத் தடுக்கத் தவறினால் அதன் நாசத்துக்குப் பொறுப்பாளியா என்பது வினா. 1871இல் வொஷிங்டன் உடன்படிக்கைப்படி ஐந்து நடுவர்கள் ஜெனீவாவில் அமர்ந்தார்கள். அமெரிக்கா, பிரித்தானியா தவிர இத்தாலி, சுவிட்சர்லாந்து, பிரேசில் ஆகியன ஆளுக்கொருவரை அனுப்பின. 1872 செப்டெம்பர் 14இல் தீர்ப்பு வந்தது. பிரித்தானியா 15.5 மில்லியன் டொலரைத் தங்கத்தில் செலுத்தவேண்டும். பிரித்தானிய நடுவர் உடன்படவில்லை, ஆனால் பிரித்தானியா பணத்தைச் செலுத்தியது. அக்காலத்தின் மிகப் பெரிய வல்லரசு ஒரு நடுவர் மன்றத்துக்குத் தலைவணங்கியது அதுவே முதற்பெரும் நிகழ்ச்சி எனலாம். எதிரே நின்றது அமெரிக்காவாக இல்லாதிருந்தால் வணங்கியிருக்குமா என்ற ஐயம் எனக்கு உண்டு.

ஒவ்வோர் ஆண்டும் ஜெனீவாவை எதிர்பார்த்துப் பழகிவிட்ட இலங்கை வாசகர்களுக்கு இன்னுமொரு தகவல். அந்த நகர மண்டபத்தில் நடுவர்கள் கூடிய அறை இன்றும் ‘அலபாமா அறை’ என்றே அழைக்கப்படுகிறது. போரில் காயமுற்றோரைக் காப்பதற்கான முதலாவது ஜெனீவா உடன்படிக்கை 1864 ஓகஸ்ட் 22இல், அலபாமா மூழ்கி இரண்டு மாதங்களில், கையொப்பமானதும் அதே அறையில்தான். எரிந்த கப்பல்களுக்கு மட்டுமே அங்கே நட்டஈடு அளவிடப்பட்டது. அச்சத்தால் கொடி மாற்றிய கப்பல்களின் இழப்பையும் நீண்டுபோன போரின் செலவையும் மறைமுக இழப்புகள் என்று நடுவர்கள் ஒதுக்கிவிட்டார்கள். கொடி மாற்றியவை தாய்நாட்டுப் பதிவுக்குத் திரும்பலாகாது என்று அமெரிக்கக் காங்கிரஸ் 1866இலேயே சட்டம் இயற்றிவிட்டிருந்தது. சிங்கப்பூரிலும் பம்பாயிலும் விலைபோன கப்பல்கள் பிரித்தானியக் கொடியோடே தேவேந்திரமுனையைச் சுற்றிப் போய்வந்தன.